வீட்டு ரவுட்டருக்கு எந்த ஐபி தொகுதி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, ரவுட்டர் மினுக்குகிறது, கைத்தொலைபேசியில் வைஃபை ஓடுகிறது. இந்த நிலையில் 192.168 என்று தொடங்கும் எண்களை, அதாவது வீட்டுக் கருவிகளுக்கு ரவுட்டர் தரும் ஐபி முகவரிகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் பின்னால்தான் வரும். அலுவலக விபிஎன் (தொலைவில் உள்ள நெட்வொர்க்கோடு இணையம் வழியே நம்மை இணைக்கும் பாதை) இணையும், ஆனால் உள்ளே ஒரு ஃபைலும் திறக்காது. தஞ்சாவூர் வீட்டுக் கேமராவைச் சிங்கப்பூரிலிருந்து பார்க்க விபிஎன் போட்டால், திரையில் நம் வீட்டு ரவுட்டரின் பக்கமே வந்து நிற்கும். புதிய மெஷ் ரவுட்டரைச் செருகியதும் இணையமே போய்விடும். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டு நெட்வொர்க்குகள் ஒரே எண்களை வைத்திருக்கின்றன.

அதனால் தொகுதியை, அதாவது ரவுட்டர் பகிரும் எண்களின் வரிசையை, தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும். இந்த எண்களை வேறு யார் வைத்திருப்பார்கள்? பலர் வைத்திருப்பார்கள் என்று தோன்றினால் அது உங்களுக்கு வேண்டாம். இதைப் புது வீட்டில் முதல் நாளே செய்தால் பத்து நிமிட வேலை. முப்பது சாதனங்கள் சேர்ந்தபின் செய்தால் ஒரு சனிக்கிழமை போய்விடும்.

அஞ்சல் குறியீடும் வீட்டு எண்ணும்

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் போதும், கட்டடம் எதுவென்று தெரிந்துவிடும். #11-237 என்று வீட்டு எண்ணை மட்டும் சொன்னால்? அந்த எண் எத்தனையோ புளோக்குகளில் இருக்கும். உங்கள் புளோக்குக்குள் நிற்பவருக்கு மட்டும்தான் அது பொருள் தரும். இணையச் சேவை நிறுவனம் தரும் பொது ஐபி முகவரி அஞ்சல் குறியீடு போன்றது. ரவுட்டர் உங்கள் மடிக்கணினிக்குத் தரும் தனிப்பட்ட முகவரி வீட்டு எண் போன்றது. உலகில் கோடிக்கணக்கான வீடுகள் ஒரே தனிப்பட்ட முகவரியை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் விபிஎன் என்பது இரண்டு புளோக்குகளுக்கு நடுவே பாலம் போடுவது. பாலம் போட்டபின் இரு பக்கமும் #11-237 இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று கணினிக்குத் தெரியாது.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்றே தொகுதிகள். 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் அவற்றை இப்படி வரையறுக்கிறது (/ குறிக்குப் பின் உள்ள எண் தொகுதியின் அளவைக் குறிக்கும்; அது சிறிதானால் தொகுதி பெரிது):

10.0.0.0 முதல் 10.255.255.255 வரை (/8) – 16,777,216 முகவரிகள்
172.16.0.0 முதல் 172.31.255.255 வரை (/12) – 1,048,576 முகவரிகள்
192.168.0.0 முதல் 192.168.255.255 வரை (/16) – 65,536 முகவரிகள்

நடுவில் உள்ளதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 172 என்று தொடங்கும் எல்லாமே தனிப்பட்டவை அல்ல. இரண்டாம் எண் 16 முதல் 31 வரை இருக்க வேண்டும். 172.32.1.0 என்று வைத்தால் அது வேறொருவருக்குச் சொந்தமான பொது முகவரி. 192.169-உம் 11.0.0.0-உம் அப்படியே. "எனக்கு வேலை செய்கிறதே" என்று தோன்றும். அந்த முகவரிகளில் உள்ள உண்மையான தளங்கள் உங்கள் வீட்டிலிருந்து மட்டும் திறக்காது, காரணமும் கடைசிவரை தெரியாது. 1.1.1.0-ஐ எடுத்தால் இன்னும் மோசம், 1.1.1.1 கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ளதையும் தொடாதீர்கள். அது 2012-இல் இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே பயன்படுத்த ஒதுக்கப்பட்டது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் செயலிகளும் அங்கிருந்துதான் எண் எடுக்கின்றன. 169.254 என்று தொடங்குவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொகுதியே அல்ல. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காத கணினி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. எங்காவது அதைப் பார்த்தால் ஏதோ கோளாறு என்று பொருள்.

எவை ஏற்கெனவே கூட்டமாக இருக்கின்றன

ரவுட்டர் நிறுவனங்கள் ஆளுக்கொரு இயல்பு எண்ணை வைத்து அனுப்புகின்றன. டிபி-லிங்க், டி-லிங்க் கருவிகளில் 192.168.0.1 பரவலாகக் காணப்படும். லிங்க்ஸிஸ், நெட்கியர், பழைய ஆசுஸ் ஆகியவற்றில் 192.168.1.1. புதிய ஆசுஸ் 192.168.50.1, ஷியாவ்மி 192.168.31.1, கூகுள் நெஸ்ட் 192.168.86.1, மைக்ரோடிக் 192.168.88.1. ஃபைபர் மோடம்கள் பலவற்றின் உள்பக்கம் 192.168.100.1-இல் இருக்கும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் 192.168.137-ஐயும், ஐஃபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10-ஐயும் எடுத்துக்கொள்ளும். மென்பொருள் வேலை செய்பவர்கள் ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் 192.168.56-இல், டாக்கர் 172.17-இல் தொடங்கும். ஓபன்விபிஎன் அமைப்புகளில் 10.8.0.0 அடிக்கடி தென்படும்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். 192.168-இன் கீழே 0, 1, 2, 10, 100 ஆகியவை வேண்டாம்; 10.0.0, 10.0.1, 10.1.1, 10.10.10 போன்ற அழகான எண்களும் வேண்டாம். மனிதருக்கு எளிதாகத் தோன்றும் எண் இன்னொரு மனிதருக்கும் எளிதாகத் தோன்றியிருக்கும்.

172.16 தொகுதியைப் பலர் பரிந்துரைப்பார்கள், அலுவலகங்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்துகின்றன என்று. உண்மைதான். ஆனால் வீட்டில் யாராவது டாக்கர் ஓட்டினால், அது 172.17-இல் தொடங்கி ஒவ்வொரு புதிய நெட்வொர்க்குக்கும் 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். அமேசான் கிளவுடின் இயல்பு நெட்வொர்க்கும் 172.31-இல்தான் இருக்கிறது. மென்பொருள் வேலை செய்பவர் உள்ள வீட்டுக்கு 10-இன் கீழே ஒரு மூலையே நல்லது.

10-இன் கீழே ஓர் எண்ணைப் பிடிப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வழி இருக்கிறது. கதவிலேயே எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். #11-237 என்றால் 10.11.237.0. மாடி இரண்டாம் எண், வீடு மூன்றாம் எண். மறக்கவே முடியாது, வேறொருவர் அதே எண்ணில் இருக்க வாய்ப்பும் குறைவு.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒவ்வோர் எண்ணும் 255-ஐத் தாண்டக்கூடாது. #09-412 என்றால் 412 செல்லாது, கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்து 10.9.12.0 என்று வையுங்கள். அடுத்தது, 09 என்று பூஜ்யத்தோடு எழுதாதீர்கள். பல மென்பொருள்கள் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள முறை) படிக்கும். 010 என்று எழுதினால் அது 8 ஆகிவிடும். 09 என்று எழுதினால் எட்டடிமானத்தில் 9 என்ற இலக்கமே இல்லாததால் பிழை காட்டும். மூன்றாவது, முதல் மாடிக்காரர்கள் 10.1.1 போன்ற கூட்ட எண்ணில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணை வெளியில் காட்ட விருப்பமில்லாதவர்கள் ஒரு தாயக்கட்டையை உருட்டி ஏதாவதோர் எண்ணை எடுத்தாலும் சரிதான். தொழில்நுட்பத்துக்கு இரண்டும் ஒன்றே.

"அலுவலகமும் 10-இல்தானே இருக்கிறது, மோதாதா?" என்று கேட்பீர்கள். கணினி எப்போதும் குறுகலான வழியை, அதாவது குறைவான முகவரிகளை மட்டும் சுட்டும் வழியை, முதலில் பார்க்கும். அலுவலக விபிஎன் "10 என்று தொடங்கும் அனைத்தும் இந்தப் பக்கம்" என்று சொன்னாலும், "10.11.237 வீட்டுப் பக்கம்" என்பது அதைவிடக் குறுகலானது, பொதுவாக அதுவே வெல்லும். அலுவலகத்தின் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் முகவரிகளில் உங்களுக்கு எட்டாமல் போவது 256 மட்டும். அந்த 256-இல் உங்களுக்கு வேண்டிய சர்வர் இருந்தால்தான் சிக்கல். அப்போது மூன்றாம் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். 192.168.1 வைத்திருந்து, அலுவலகமும் 192.168.1 வைத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

ஊர் வீட்டோடு விபிஎன் போடும் எண்ணம் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இப்போதே முடிவெடுங்கள். ஊரில் உள்ள ரவுட்டரைத் தொலைவிலிருந்து மாற்றுவது ஆபத்து. பாதியில் அறுந்தால் அம்மாவிடம் தொலைபேசியில் ரீசெட் பொத்தானைத் தேடச் சொல்ல வேண்டிவரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரில் மாற்றுங்கள்.

எவ்வளவு பெரிய தொகுதி

/24 போதும். மாஸ்க் (ரவுட்டரில் தொகுதியின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.0. மொத்தம் 256 முகவரிகள். முதல் எண் தொகுதியின் பெயராகவும், கடைசி எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரியாகவும் போக, 254 மிச்சம். விளக்கு, மின்விசிறி, ஏர்கான் எல்லாம் வைஃபையில் இருக்கும் நாலறை வீட்டிலும் அறுபது எழுபதைத் தாண்டுவது அரிது.

255.255.0.0 அல்லது 255.0.0.0 போட்டுவிடலாம், "பெரிதாக இருக்கட்டுமே" என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். 10.0.0.0/8 முழுவதையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டால் 10-இல் உள்ள எந்த அலுவலகத்தோடும் மோதல் உறுதி. விருந்தினர் வைஃபைக்குத் தனித் தொகுதி பிரிக்கவும் இடம் இருக்காது.

பின்னால் பிரிக்கும் எண்ணம் இருந்தால் மூன்றாம் எண்ணை நான்கின் மடங்கில் தொடங்குங்கள். 237-ஐக் கீழே இறக்கினால் 236. இப்போது 10.11.236.0 வீட்டாருக்கு, 237 விருந்தினருக்கு, 238 கேமராவுக்கும் விளக்குகளுக்கும், 239 விபிஎன் வழியாக வருபவர்களுக்கு. இந்த நான்கும் சேர்ந்து 10.11.236.0/22 என்ற ஒரே வரியில் அடங்கும். ஊர் வீட்டு ரவுட்டரில் நான்கு வழிகள் எழுதுவதற்குப் பதில் ஒன்று எழுதினால் போதும். ஃபயர்வால் (எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் பாதுகாப்பு) விதிகளும் அப்படியே சுருங்கும். இன்று ஒரே தொகுதி போதும் என்றாலும் மற்ற மூன்றையும் காலியாக விட்டு வையுங்கள்.

உள்ளே யாருக்கு எது

ஒரு தாளில் எழுதி ரவுட்டர் அருகே ஒட்டிவிடுங்கள். முகவரியின் கடைசி எண்ணுக்கு எளிய ஏற்பாடு இது. 1 ரவுட்டருக்கு. 2 முதல் 19 வரை நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி), சிக்னலைப் பரப்பும் மெஷ் கருவிகள். 20 முதல் 49 வரை பிரிண்டர், நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி), கேமரா பதிவுப் பெட்டி. 100 முதல் 219 வரை டிஹெச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் வசதி, தானாகப் பகிர்ந்தளிப்பது. மற்றவை சும்மா இருக்கட்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பிரிண்டரின் பட்டனை அழுத்தி அழுத்தி அதற்குள்ளேயே 10.11.236.120 என்று நிலையான முகவரி போடுவது. 120 டிஹெச்சிபி பகிரும் எல்லைக்குள் இருக்கிறது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ரவுட்டர் அதே 120-ஐ ஒரு கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிடும். பிரிண்டர் விழித்ததும் இரண்டும் மோதும். சில நாள் அச்சாகும், சில நாள் ஆகாது. மை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிள் மாற்றிப் பார்ப்பார்கள். நிலையான முகவரி வேண்டுமானால் கருவிக்குள் போடாமல் ரவுட்டரில் முன்பதிவு செய்யுங்கள். கருவியின் மேக் முகவரியை (அதற்கென்று உள்ள அடையாள எண்) கொடுத்து, அதற்கு எப்போதும் இந்த எண் என்று பதிய வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், பின்னால் தொகுதியை மாற்றும்போது அலைய வேண்டாம். சில ரவுட்டர்கள் பகிரும் எல்லைக்குள் உள்ள எண்ணுக்குத்தான் முன்பதிவை ஏற்கும். அப்படியானால் எல்லையை 20-இலிருந்தே தொடங்கி வைத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசிக்கு முன்பதிவு செய்தும் நிற்கவில்லையா? அண்மை ஆண்டுகளின் ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் வைஃபையில் போலி மேக் முகவரியைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்துங்கள், அல்லது மாறாத முகவரி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றும் நாள்

முதலில் இப்போதைய எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுத்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரி வரும், அதுதான் ரவுட்டர். கைத்தொலைபேசியில் வைஃபை பெயரைத் தொட்டால் ரவுட்டர் என்றோ கேட்வே என்றோ காட்டும். அந்த எண்ணை உலாவியில் தட்டி உள்ளே போங்கள். கடவுச்சொல் பெரும்பாலும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

உள்ளே போனதும் வேன் (WAN, இணையப் பக்கம்) பகுதியைப் பாருங்கள், லேன் (LAN, வீட்டுப் பக்கம்) பக்கம் போகும் முன்பே. அங்கே ரவுட்டர் வெளியிலிருந்து பெற்ற முகவரி இருக்கும். அதுவும் 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. பெரும்பாலும் சேவை நிறுவனம் கொடுத்த, மோடமும் ரவுட்டரும் சேர்ந்த பெட்டி. மேலே 192.168.1, கீழே உங்கள் ரவுட்டரும் 192.168.1 என்றால் அது எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் நின்றுவிடும். புதிய ரவுட்டரைச் செருகியதும் இணையம் போவது இதனால்தான். தொகுதியை மாற்றினால் இணையம் வந்துவிடும். ஆனாலும் இரட்டை நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு பெட்டியிலும் நடப்பது) மிச்சமிருக்கும். விளையாட்டுக் கருவிக்கும் வெளியிலிருந்து வரும் விபிஎன்னுக்கும் அது தொல்லை. மேல் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இயங்குவது) மாற்றித் தரச் சொல்லிச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். வேன் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே இருந்தால், ரவுட்டரில் எவ்வளவு போர்ட் (வெளியிலிருந்து வருவதற்கான வாசல்) திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அதற்கும் உங்கள் தொகுதித் தேர்வுக்கும் தொடர்பில்லை.

வீட்டுக்குள் உள்ள பாம் ஷெல்டரின் (பாதுகாப்பு அறையின்) தடித்த சுவரைத் தாண்டி அறைக்குச் சிக்னல் வரவில்லை என்பதற்காக மட்டும் இரண்டாவது ரவுட்டர் வாங்கியவர்களுக்குப் புதுத் தொகுதியே தேவையில்லை. இரண்டாவதை அக்ஸஸ் பாயிண்ட் முறையில் (முகவரி கொடுக்காமல் வைஃபை சிக்னலை மட்டும் தருவது) வையுங்கள். அப்படிச் செய்யாமல், லேன் துளையையும் லேன் துளையையும் கேபிளால் இணைத்துவிட்டால் ஒரே கம்பியில் இரண்டு டிஹெச்சிபி பேசும். அக்காவின் மடிக்கணினிக்கு 10.11.236, தம்பியின் டேப்லெட்டுக்கு 192.168.0 என்று யார் முந்துகிறார்களோ அவர்கள் எண் கிடைக்கும்.

இனி மாற்றம். முந்தைய இரவே டிஹெச்சிபி லீஸ் நேரத்தை (ஒரு கருவி தன் முகவரியை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது) 86,400 நொடியிலிருந்து 600 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். இதனால் கருவிகள் பத்து நிமிடத்துக்குள் புதிய எண் கேட்டு வரும். குறைக்காவிட்டால் சில கருவிகள் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இணையமில்லாமல் கிடக்கும். ரவுட்டரின் அமைப்புகளைக் கோப்பாகச் சேமியுங்கள். போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை எந்தக் கருவிக்கு அனுப்புவது) விதிகளையும் முன்பதிவுகளையும் திரையோடு படம் எடுத்து வையுங்கள். தொகுதி மாறியதும் அவை பழைய எண்ணையே சுட்டிக்கொண்டு நிற்கும். திரும்ப எழுத வேண்டும்.

மறுநாள் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். வைஃபையில் இருந்தபடி செய்தால் பாதியில் அறுந்து சேமிப்பானதா இல்லையா என்று தெரியாமல் போகும். லேன் பகுதியில் ரவுட்டர் முகவரி 10.11.236.1, மாஸ்க் 255.255.255.0. சேமிக்கும் முன் டிஹெச்சிபியின் தொடக்க, முடிவு எண்களைப் பாருங்கள். சில ரவுட்டர்கள் தாமாக மாற்றும், சில பழைய 192.168-ஐயே வைத்திருக்கும். டிஎன்எஸ் என்ற இடத்தில் பழைய ரவுட்டர் எண் எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இதை மறந்தால் வைஃபை முழு பலத்தில் இருக்கும், எந்தத் தளமும் திறக்காது.

சேமித்ததும் திரை உறைந்தது போல நிற்கும். பயப்பட வேண்டாம், நீங்கள் பேசிக்கொண்டிருந்த முகவரி இப்போது இல்லை, அவ்வளவே. ஒரு நிமிடம் பொறுத்து, கேபிளைக் கழற்றி மாட்டி, 10.11.236.1 என்று தட்டுங்கள். கைத்தொலைபேசிகளில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். விளக்கு, பிளக் போன்றவற்றை ஒருமுறை மின்சாரத்திலிருந்து எடுத்து மாட்டுங்கள். ஐபிகான்ஃபிக்கில் இன்னும் 169.254 வந்தால் டிஹெச்சிபி ஓடவில்லை. எல்லாம் சரியானதும் லீஸ் நேரத்தைப் பழைய அளவுக்கே கொண்டுபோங்கள்.

கடைசியில் ஒரு கேமரா மட்டும் வராது. யாரோ ஒருநாள் அதற்குள் 192.168.1.64 என்று நிலையாக எழுதியிருப்பார்கள். ரீசெட் செய்ய ஏணி தேடாதீர்கள். கேமரா இருக்கும் அதே சுவிட்சில் மடிக்கணினியைக் கேபிளால் இணைத்து, வைஃபையை அணைத்து, மடிக்கணினிக்குக் கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே காலியாக இருக்கட்டும். இப்போது இரண்டும் பழைய தொகுதியில் இருப்பதால் ரவுட்டர் இல்லாமலே நேரடியாகப் பேசும். உலாவியில் 192.168.1.64 திறக்கும். உள்ளே போய் டிஹெச்சிபிக்கு மாற்றிச் சேமித்து, மடிக்கணினியையும் தானியங்கி முறைக்குத் திருப்புங்கள். பதிவுப் பெட்டியில் அந்தக் கேமராவின் புதிய எண்ணை எழுத மறக்காதீர்கள்.

ஐபிவி6

இதுவரை பார்த்த எண்கள் ஐபிவி4; ஐபிவி6 என்பது அதற்குப் பின் வந்த, மிக நீளமான முகவரி முறை. இது வேறு கணக்கு. சேவை நிறுவனம் ஐபிவி6 தந்தால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும், மோதல் என்ற பேச்சே இல்லை. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐபிவி4-க்கு நாட் தரும் மறைப்பு அங்கே கிடையாது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது ஃபயர்வால் ஒன்றுதான்.